கதவுக்கு அப்பால்: பன்முக மாணவர்களுக்குக் கற்பித்தல்

எங்கள் பக்கத்தில் ‘கல்லூரி’ என்றால் பாடசாலைதான். உயர்தரம் முடித்த பிள்ளைகள் போகுமிடம் ‘கெம்பஸ்’. கலகெதரயிலிருந்து பேராதனைக்கும் அதற்கு அப்பாலும் போகும் நம் பிள்ளைகள் அங்கே எத்தகைய வகுப்பறையைச் சந்திக்கிறார்கள், அதை எல்லோருக்கும் உரியதாக ஆக்குவது எப்படி என்பது பற்றியே இங்கு எழுதுகிறேன்.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. பின்னர் சுயமொழிகள் போதனா மொழிகளாயின. இன்று மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படுகின்றன. இதனால் மூதூர், ஹட்டன், மொனராகலை, கொழும்புப் பிள்ளைகள் ஒரே மண்டபத்தில் அமர்கிறார்கள். கதவைத் திறந்தது அரசின் கொள்கை. உள்ளே வந்தவருக்கு இடம் கொடுப்பது ஆசிரியரின் கையில்.

பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளை முதல் நாளே ஆங்கில விரிவுரை கேட்கிறது. “விளங்குது சேர், ஆனா எழும்பிச் சொல்ல வாய் வருதில்ல” என்றாள் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி. உயிரியலில் கெட்டிக்காரி. முதலாம் வருடத்திலேயே விட்டுவிட்டு வரப் பார்த்தாள். மௌனத்தை அறியாமை என்று கணக்கெடுத்தால் இப்படித்தான் பிள்ளைகளை இழப்போம்.

இதற்குப் பெருஞ்செலவில்லாத வழிகள் உண்டு.

முதலாவது, காத்திருத்தல். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன்தான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். மூன்று செக்கனுக்கு மேல் பொறுத்தபோது விடைகள் நீண்டன. வழமையாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மனதுக்குள் மொழிபெயர்த்துப் பேசும் பிள்ளைக்கு அந்தச் செக்கன்கள் பெரிய விஷயம்.

இரண்டாவது, சொற்பட்டியல். ‘ஒளித்தொகுப்பு’ அறிந்த பிள்ளைக்கு ‘போட்டோசிந்தஸிஸ்’ புதிய பாடமல்ல, புதிய பெயர் மட்டுமே. பாடத்தின் முக்கிய சொற்களை மும்மொழியிலும் ஒரு தாளில் முதல் நாளே கொடுத்துவிடலாம். காது மந்தமான மாணவருக்கும் அந்தத் தாள் உதவும்.

மூன்றாவது, கலந்த குழு. வெள்ளை, கறுப்பு, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒன்றாக அமர்ந்த ஒஸ்டின் நகர வகுப்புகளில், 1971 இல் எலியட் அரொன்சன் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டைக் கொடுப்பது. 1815 கண்டி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பிரதானிகளின் நிலை, ஒருவர் நாயக்க மன்னர், ஒருவர் ஆங்கிலேயரின் நோக்கம், ஒருவர் தவலம் மாடுகளில் பண்டம் ஏற்றிய முஸ்லிம்கள் என்று படித்து வந்து மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். ஒருவர் வாய் திறக்காவிட்டால் எல்லோருக்கும் பாடம் குறையும். ஆகவே சிங்கள நண்பனும் தமிழ் நண்பியும் அவரைப் பேசவைப்பார்கள்.

நான்காவது, நாட்காட்டி. ஒப்படைத் திகதிகளையும் பரீட்சைகளையும் போடுமுன் ரமழான், வெசாக், தைப்பொங்கல், நத்தார் எப்போது என்று பார்ப்பது சலுகையல்ல, ஒழுங்கு.

இவற்றைக் கெம்பஸிடம் கேட்கும் உரிமை நமக்குண்டு. அதேவேளை நம் முஸ்லிம் பாடசாலைகளுக்குள்ளும் திரும்பிப் பார்க்கவேண்டும். தோட்டப்புறத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் நம்மிடம் படிக்கிறார்கள். நம் பேச்சு வழக்கும் நம் உதாரணங்களும் அவர்களுக்கு அந்நியமாகலாம். கந்தூரியை உதாரணம் காட்டும் ஆசிரியர் அடுத்த வசனத்தில் தோட்டத்துக் காமன் கூத்தையும் சொல்லலாம். அதற்குச் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை; அடுத்த தவணைப் பாடக்குறிப்பு எழுதும்போதே தொடங்கலாம்.