குளிர்ப்பேழைத் தட்டுகள்: வாங்குவோர் உரிமையும் விற்போர் பொறுப்பும்

பால், தயிர், பனீர், இட்லி மாவு, குளிர்பானம் முதலியவற்றைக் காட்சிக்கு வைத்து விற்பதற்குக் கடைகளில் பயன்படும் குளிர்ப்பேழையை வணிகர்கள் பொதுவாகச் சில்லர் என்றே வழங்குகின்றனர். அவற்றுள் கண்ணாடிக் கதவு உடையனவும் உண்டு, பெரிய அங்காடிகளில் காண்பதுபோல முன்புறம் முழுதும் திறந்து கிடப்பனவும் உண்டு. இவ்விரு வகையிலும் தட்டுகள், துளையிட்ட செங்குத்துச் சட்டங்களில் கொக்கிகளை மாட்டித் தாங்கிகளின் மேல் அமர்த்தப்படுவதால், பண்டத்தின் உயரத்துக்கேற்ப அவற்றை ஏற்றவும் இறக்கவும், ஒன்றைக் கழற்றி வேறொன்றைச் சேர்க்கவும் இயலும். வீட்டு அலமாரியில் இவ்வாறு மாற்றினால் கெடுவது ஒன்றுமில்லை. குளிர்ப்பேழையிலோ தட்டின் ஆழம், இடைவெளி, துளை ஆகிய மூன்றும் குளிர்காற்று செல்லும் வழியைத் தீர்மானிப்பதால், தட்டைக் குளிரூட்டும் எந்திரத்தின் ஓர் உறுப்பாகவே கொள்ள வேண்டும். அதில் நேரும் பிழை உணவின் பாதுகாப்பில் போய் முடிவதால், விற்பவரின் சட்டப் பொறுப்பும் அங்கே தொடங்கிவிடுகிறது.

திறந்த பேழையில் கதவின் வேலையைச் செய்வது காற்றுத் திரை. மேல் விளிம்பில் தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட சல்லடை வழியே கீழ்நோக்கி விடப்படும் குளிர்காற்று, பேழையின் முகப்பை மூடியபடி இறங்கி, அடித்தட்டின் முன்விளிம்பிலுள்ள உறிஞ்சு சல்லடைக்குள் சென்று மீண்டும் குளிர்விக்கப்படுகிறது; அதனுடன் பின்சுவரின் துளைகளிலிருந்து ஒவ்வொரு தட்டின் மீதும் சிறிதளவு குளிர்காற்று பரவுகிறது. இத்தகைய பேழை அகற்ற வேண்டிய வெப்பத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தத் திரையைத் தாண்டி உள்ளே நுழையும் கடைக்காற்றால் வருவதே. ஆகவே கூடுதல் சரக்கு வைக்கும் ஆசையில் தட்டைச் சில சென்டிமீட்டர் நீட்டினாலும், சுமைக் கோடு எனப்படும் எல்லைக் குறியைத் தாண்டிப் பாக்கெட்டுகளை அடுக்கினாலும், கீழிறங்கும் காற்று அந்த நீட்டலில் மோதிச் சிதறுகிறது. சிதறிய இடத்துக்குக் கீழே உள்ள தட்டுகள் அனைத்தும் அதன் விளைவைச் சுமக்கின்றன. தவறு செய்தது மேல்தட்டு, கெடுவது கீழ்த்தட்டிலுள்ள தயிர். உறிஞ்சு சல்லடையின் மேல் சலுகை விலைப் பொருள்களைக் குவித்து வைப்பதும் இதே கேட்டைச் செய்யும். வாடிக்கையாளர் கண்ணில் முதலில் படும் இடம் அதுவே என்பதால் அந்தப் பழக்கம் எளிதில் ஒழிவதில்லை.

கண்ணாடிக் கதவுப் பேழையில் நிலை வேறு. அங்கே காற்று கம்பித் தட்டுகளின் இடைவெளி வழியே மேலும் கீழுமாகச் சுழல வேண்டும். பாக்கெட் கம்பிகளுக்கிடையே சரிகிறது என்று தட்டின் மேல் அட்டையையோ பழைய செய்தித்தாளையோ விரித்துவிடும் கடைகளைத் தெருவுக்கு ஒன்றாகக் காணலாம். அந்த அட்டை சுழற்சியை அங்கேயே அறுத்துவிட, விசிறிக்கு அருகிலுள்ள தட்டில் தண்ணீர் பாட்டில் உறையும் அளவுக்குக் குளிர்ந்திருக்க, அட்டைக்கு அப்பால் இருக்கும் இட்லி மாவுப் பாக்கெட் புளித்து உப்பி நிற்கும். குளிர்பான நிறுவனங்கள் தம் பானத்துக்காகக் கொடுத்து வைத்திருக்கும் பேழையில் பால், பனீர், மாவு, மல்லிகைச் சரம் வரை எல்லாவற்றையும் திணிப்பது இதனோடு சேர்ந்த இன்னொரு சிக்கல். பானம் 8 டிகிரியில் இருந்தால் சுவைதான் சற்றுக் குறையும். பனீர் அவ்வாறு இருந்தால் கெடத் தொடங்கும். குளிரில் வைக்க வேண்டிய, எளிதில் கெடும் உணவு 5 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாமலும், உறைநிலை உணவு கழித்தல் 18 டிகிரிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் வழிகாட்டுதல். குளிரோடு தூய்மையும் வேண்டும்: லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிரி குளிரிலும் மெல்ல வளரக்கூடியது, கருவுற்ற பெண்களுக்கு மிகுந்த தீங்கு செய்வது. தட்டின் முன்விளிம்பில் விலைச்சீட்டு செருகும் பட்டைக்கு அடியில், கசிந்த பால் காய்ந்து படியும் ஈரமான இடுக்குகள் அத்தகைய உயிரிகளுக்கு ஏற்ற உறைவிடம். கருவி எதுவுமின்றிக் கையாலேயே கழற்றிக் கழுவக்கூடிய தட்டையும் பட்டையையும் வடிவமைப்பாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

பேழையை வாங்கும் கடைக்காரர் பெரும்பாலும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. காட்சிப் பேழைகளைச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 23953 என்னும் பன்னாட்டுத் தரநிலை, எந்தச் சூழலில் சோதிக்கப்பட்டது என்பதைத் தட்பவெப்ப வகுப்பாகக் குறிப்பிடுகிறது: 3ஆம் வகுப்பு என்றால் 25 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறை, 5ஆம் வகுப்பு 40 டிகிரியும் 40 விழுக்காடும், 7ஆம் வகுப்பு 35 டிகிரியும் 75 விழுக்காடும். எம்1 என்னும் குறி, அவ்வறையில் பேழைக்குள் வைத்த சோதனைப் பொட்டலங்கள் கழித்தல் 1 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடையிலேயே நின்றன என்பதைச் சொல்வது. குளிர்சாதன வசதியுள்ள அங்காடிக்கு 3ஆம் வகுப்பு போதும். மே மாதத்தில் மின்விசிறி மட்டுமே சுழலும் மதுரைக் கடைக்கோ, கடற்காற்றின் புழுக்கம் நிறைந்த தூத்துக்குடிக் கடைக்கோ அதே பேழை அதே குளிரைத் தரும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. மேலும், அச்சோதனையில் பேழைக்குக் குறுக்கே வீசும் காற்றின் வேகம் விநாடிக்கு 0.2 மீட்டர் அளவே. திறந்த பேழைக்கு நேர் மேலே முழு வேகத்தில் சுழலும் மின்விசிறி காற்றுத் திரையைக் கலைத்துவிடுவதால், தட்டுகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லாமல் போகும்.

சுமை பற்றிய ஆபத்தும் புறக்கணிக்கத் தக்கதன்று. 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள தட்டில், 8 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு லிட்டர் பாட்டில்களை வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை அடுக்கினால் 55 பாட்டில்கள், அதாவது 55 கிலோவுக்குச் சற்று மேல். இந்தச் சுமை சீராகப் பரவியிருக்கும்போது அதன் மையம் சட்டத்திலிருந்து 22.5 சென்டிமீட்டர் தொலைவில் அமைகிறது. மேல்தட்டை எட்டுவதற்காகக் கடை ஊழியர் ஒருவர் கீழ்த்தட்டின் முன்விளிம்பில் கால் வைத்து ஏறினால், அவருடைய 60 கிலோ எடை 45 சென்டிமீட்டர் தொலைவில் விழுவதால், கொக்கிகளை வளைக்கும் விசை நிறைசரக்கின் விசையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. ஒரு கொக்கி துளையில் பாதி மட்டும் செருகியிருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ தட்டு சாய்வதற்கு அது போதும். ஆகவே ஒவ்வொரு தட்டிலும் தாங்கும் எடை கிலோவில் பொறிக்கப்பட்டிருத்தல், கொக்கி தானே எழும்பாதபடி பூட்டு இருத்தல், கண்ணாடித் தட்டாயின் அது கடினமாக்கப்பட்ட கண்ணாடியாக இருத்தல், தட்டில் எல்.இ.டி. விளக்கு இருந்தால் அதன் இணைப்பு நீர் புகாததாக இருத்தல் ஆகியவற்றைக் கேட்டு வாங்குவதே முறை. ஊழியருக்கு ஓர் ஏணிப்பலகை வாங்கிக் கொடுப்பதற்கு ஆகும் செலவோ மிகச் சிறிது.

இனி வாங்குவோரின் உரிமைக்கு வரலாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006இன் 27ஆம் பிரிவு, காலாவதியான பின் விற்ற உணவுக்கும் சுகாதாரமற்ற நிலையில் கையாண்ட அல்லது வைத்திருந்த உணவுக்கும் விற்பனையாளரே பொறுப்பு என்கிறது. உற்பத்தியாளரின் பாதுகாப்பு அறிவுறுத்தலை மீறி உணவைச் சேமித்தால் மொத்த விற்பனையாளரும் பகிர்ந்தளிப்பவரும் பொறுப்பாவர். உணவால் பாதிப்பு நேர்ந்தால் 65ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரையும், ஏனைய பாதிப்புக்கு 1 லட்சம் வரையும் இழப்பீடு விதிக்கலாம். அதிகம் அறியப்படாதது 40ஆம் பிரிவு: உணவுப் பாதுகாப்பு அலுவலர் அல்லாத சாதாரண நுகர்வோரும் தாம் வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வாளரிடம் ஆய்வுக்குக் கொடுக்கலாம், ஆனால் அந்த எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட வேண்டும். ஆய்வில் விதிமீறல் தெரியவந்தால் செலுத்திய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

நடைமுறையில் இத்தகைய வழக்குகள் தளர்வது சான்று இல்லாமையால்தான். வெயிலில் அரைமணி நேரம் வண்டியில் கொண்டுபோனதால் தயிர் கெட்டது என்று கடைக்காரர் சொன்னால், அதை மறுக்க வாங்கியவரிடம் ஏதேனும் இருக்க வேண்டும். பேழையின் வெப்பமானி காட்டும் எண், சுமைக் கோட்டைத் தாண்டிய அடுக்கு, தட்டில் விரித்த அட்டை ஆகியவற்றை நேரத்துடன் எடுத்த படமும், பொட்டலமும், ரசீதும் அதற்கு உதவும். 2022 ஜனவரி முதல் உணவு வணிகரின் 14 இலக்க உரிம எண் ரசீதில் அச்சாகியிருக்க வேண்டும் என்பதால், ரசீது இருந்தால் புகாருக்குரியவர் யார் என்ற குழப்பம் எழாது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமோ உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலோ முறையிடலாம். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். இழப்பீடு வேண்டுவோர், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் குறைதீர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேற்படாதவரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

கடைக்காரரும் ஒருவகையில் நுகர்வோரே. வணிக நோக்கில் வாங்கியவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கினாலும், சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிய பொருளை வணிக நோக்காகக் கருதாது. ஆகவே தானே கல்லாவில் அமர்ந்து கடை நடத்தும் ஒருவர், சொன்ன குளிரைத் தராத பேழைக்காக அதை விற்றவர் மீது முறையிட முடியும். அதே சட்டத்தின் 87ஆம் பிரிவு, தீங்கு நேர்ந்த வேளையில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ அதை விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது என்கிறது. பக்கத்து வெல்டிங் பட்டறையில் செய்து பொருத்திய ஒரு கூடுதல் தட்டு, வளைத்து நீட்டிய ஒரு தாங்கி ஆகியவை எதிர்த்தரப்புக்கு இந்த வாதத்தைக் கையில் எடுத்துக் கொடுக்கும். தட்டின் எண்ணிக்கையையோ ஆழத்தையோ மாற்ற வேண்டுமாயின் தயாரித்தவரின் எழுத்து மூலமான ஒப்புதலைப் பெறுவதும், மாற்றிய பின் பேழையின் வெப்பமானியை நம்பாமல் (அது பெரும்பாலும் காற்றைத்தான் அளக்கிறது, பாலை அன்று) கீழ்த்தட்டின் முன்வரிசையில் இரண்டு பால் பாக்கெட்டுகளுக்கு நடுவே ஊசி வெப்பமானியைச் செருகி, பிற்பகலில் கடை மிகச் சூடாக இருக்கும் நேரத்தில் அளந்து, தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வைப்பதும் கடைக்காரருக்கே காப்பாகும்.