சுவாச நோயாளரின் கால்களை மறந்துவிடுகின்றோம்

சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகின்றது என்று கூறும் முதியவருக்கு எமது குடும்பங்கள் முதலில் வழங்கும் ஆலோசனை, பேசாமல் இருங்கள் என்பதாகும். சந்தைக்குச் செல்வது முதலில் நிற்கின்றது. பின்னர் கோவிலுக்குச் செல்வது நிற்கின்றது. முற்றத்தில் இருந்த கதிரை விறாந்தைக்கும், விறாந்தையிலிருந்து அறைக்குள்ளும் நகர்கின்றது. ஈற்றில் கிணற்றடிக்குச் செல்வதற்கும் துணை தேவைப்படுகின்றது. இவை யாவும் அன்பின் காரணமாகவே நடைபெறுகின்றன என்பதில் ஐயமில்லை. எனினும் நாட்பட்ட சுவாசத்தடை நோயைப் பொறுத்தவரை, இவ்வாறு திணிக்கப்படும் ஓய்வே நோயாளியை மேலும் முடக்கிவிடுகின்றது என்பது மருத்துவ உலகில் ஐயந்திரிபற நிறுவப்பட்ட உண்மையாகும்.

இந்நோயின் பரப்பு சிறியதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021 ஆம் ஆண்டில் மாத்திரம் சுமார் 35 இலட்சம் பேர் இதனால் உயிரிழந்துள்ளனர். எழுபது வயதுக்கு முன்னர் இந்நோயால் மரணிப்போரில் பத்தில் ஒன்பது பேர் வரையில் குறைந்த மற்றும் நடுத்தர வருமானமுடைய நாடுகளைச் சேர்ந்தவர்கள். சிகரெட்டும் சுருட்டும் முதன்மையான காரணிகளாயினும், வாழ்நாளில் அவற்றைத் தொட்டறியாத பெண்கள் பலர் விறகடுப்பின் புகையினாலேயே இந்நோய்க்கு ஆளாகின்றனர்.

நோயாளியின் சுவாசக் குழாய்கள் ஒடுங்கி, சுவாசப்பையின் மெல்லிய காற்றறைகள் சிதைந்துவிடுகின்றன. காற்றை உள்ளே இழுப்பதிலும் பார்க்க வெளியே விடுவதே இவர்களுக்குப் பெரும்பாடு. வேகமாக நடக்கும்போது மூச்சும் வேகமாகின்றது. முன்னைய மூச்சு முழுமையாக வெளியேறு முன்னரே அடுத்த மூச்சு உள்ளே வருகின்றது. இவ்வாறு காற்று உள்ளேயே தேங்கி நெஞ்சு உப்பிவிட, புதிய காற்றுக்கு இடமில்லாது போகின்றது. இந்த அனுபவத்திற்கு அஞ்சும் நோயாளி நடப்பதைத் தவிர்க்கின்றார்.

இதற்குப் பின்னர் நிகழ்வதே பெரும்பாலும் கவனிக்கப்படாத விடயம். பயன்படுத்தப்படாத தொடைத் தசைகள் மெலிகின்றன. நெடுநேரம் களைப்பின்றி உழைக்கக்கூடிய தசை நார்களின் விகிதம் குறைகின்றது. இத்தகைய தசை, சிறிய வேலைக்கே இலக்றிக் அமிலத்தை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடுகின்றது. அந்த அமிலத்தை உடல் சமப்படுத்தும்போது மேலதிக காபனீரொட்சைட்டு உருவாகின்றது. அதனை வெளியேற்றும் பொறுப்பு மீண்டும் சுவாசப்பையின் மீதே வந்து விழுகின்றது. அதாவது, கால் பலவீனமடைந்த குற்றத்திற்கு ஏற்கனவே நோயுற்ற சுவாசப்பை தண்டம் செலுத்துகின்றது. மூச்சு முன்னரிலும் அதிகமாக வாங்க, நடை முன்னரிலும் குறைகின்றது. நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் கருதுகின்றனர். உண்மையில் முற்றியதில் ஒரு பங்கு நோயினுடையது, மறுபங்கு கதிரையினுடையது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் வைத்தியர்களும் இத்தகைய நோயாளருக்கு ஓய்வையே விதித்து வந்தனர். அமெரிக்க வைத்தியரான அல்வன் பராக் 1952 இல் மாறுபட்ட ஓர் அவதானத்தை வெளியிட்டார். ஒட்சிசன் வழங்கியவாறே உடற்பயிற்சி செய்விக்கப்பட்ட நோயாளர் இருவர், மூச்சுத் திணறலின்றி நடக்கும் ஆற்றலைப் படிப்படியாகப் பெற்றனர் என்றும், இது விளையாட்டு வீரர் பயிற்சியினால் பெறும் பலனை ஒத்தது போலும் என்றும் அவர் குறிப்பிட்டார். அக்கருத்து அன்று பெரிதாக எடுபடவில்லை. 1960களில் டென்வர் நகரில் தோமஸ் பெற்றி என்ற வைத்தியர் இதனை ஒரு முறையான வெளிநோயாளர் திட்டமாக வளர்த்தெடுத்தார்.

ஆயினும் ஐயம் ஒன்று நீடித்தது. நோயாளியின் மூச்சு முதலிலேயே தோற்றுவிடுகின்றதே, தசைகள் வலுப்பெறும் அளவுக்கு அவரால் எவ்வாறு பயிற்சி செய்ய முடியும் என்பதே அது. நியாயமான வினாதான். ரிச்சர்ட் கசபுரி குழுவினர் 1991 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடையளித்தது. நிலையான சைக்கிளில் வாரம் 5 நாட்களாக 8 வாரங்கள் பயிற்சி பெற்றவர்கள், முன்னர் செய்த அதே அளவு வேலையை இப்போது குறைந்த இலக்றிக் அமிலத்துடனும் குறைந்த சுவாசத்துடனும் செய்தனர். பலத்த பயிற்சி பெற்றவர்களிடம் இம்மாற்றம் கூடுதலாகத் தென்பட்டது. சுவாசப்பை அவ்வாறே இருந்தது. கால்கள் மாறியிருந்தன.

இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனதிற்கொள்ளல் வேண்டும். குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் பயிற்சியின் பலன் தெரியாது. சிதைந்த காற்றறைகளை எந்தப் பயிற்சியும் மீட்டுத் தருவதில்லை. பலனைக் காண்பதற்கு நோயாளியை நடக்கவிட வேண்டும். 1976 இல் எடின்பரோவைச் சேர்ந்த மக்கவின் முதலானோர் 12 நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கின்றார் என்று அளந்தனர். நோயாளருக்கு 12 நிமிடம் அதிகம் என்பதனால், 1982 இல் லண்டன் ஆய்வாளர்கள் 6 நிமிடமும் போதுமானது எனக் காட்டினர். இன்று உலகெங்கும் கையாளப்படும் 6 நிமிட நடைப் பரிசோதனை இவ்வாறு பிறந்ததே. அதற்கு வேண்டியவை 30 மீற்றர் நீளமான ஒரு நடைபாதையும் ஒரு மணிக்கூடும் மாத்திரமே.

65 ஆய்வுகளையும் 3,822 நோயாளரையும் உள்ளடக்கி 2015 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வின்படி, மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்கள் வழமையான பராமரிப்பை மட்டும் பெற்றவர்களிலும் பார்க்க 6 நிமிடத்தில் சராசரியாக 44 மீற்றர் கூடுதலாக நடந்தனர். 44 மீற்றர் ஒரு பொருட்டா என்று ஆரோக்கியமானவர் கேட்கலாம். வீட்டு வாசலுக்கும் தெருமுனைக் கடைக்கும் இடைப்பட்ட தூரம் அது. ஏறத்தாழ 30 மீற்றர் முன்னேற்றத்தையே நோயாளரின் வாழ்வில் பொருளுடையதாக வைத்தியர்கள் கருதுகின்றனர். பயிற்சியை வழமையான பராமரிப்புடன் ஒப்பிடும் ஆய்வுகள் இனித் தேவையில்லை என்று அந்த மீளாய்வு முடித்துவைக்கப்பட்டது. மருத்துவத்தில் இத்தகைய தீர்மானம் அரிதாகவே எட்டப்படுகின்றது.

பொருளாதார நோக்கிலும் இது பயனுடையது. 2000 ஆம் ஆண்டில் வேல்ஸின் கார்டிஃப் நகரிலிருந்து வெளியான ஆய்வில், 200 நோயாளருள் 6 வாரப் பயிற்சி பெற்றோரும் பெறாதோரும் ஏறக்குறைய சம எண்ணிக்கையிலேயே அடுத்த ஓராண்டில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். ஆனால் அங்கு தங்கிய நாட்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன.

பயிற்சி 6 முதல் 12 வாரங்கள் வரை, வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று தடவைகள் நடைபெறும். நடையும் சைக்கிளோட்டமும் முதன்மையானவை. கதிரையிலிருந்து எழுந்து அமர்தல், சிறு பாரங்களைத் தூக்குதல் என்பன தசைகளுக்குரியவை. உதடுகளைக் குவித்து மெதுவாக மூச்சு விடும் முறையும் கற்பிக்கப்படுகின்றது. ஓரளவு மூச்சு வாங்கும் வரையில் நடப்பதே இலக்கு என்பதை இயன்மருத்துவர் விளக்க வேண்டியுள்ளது. ஏனெனில் மூச்சு வாங்கினால் ஆபத்து என்ற அச்சமே நோயாளியின் முதல் எதிரி. எனினும் இருதய நோய், நெஞ்சு வலி, நடக்கும்போது ஒட்சிசன் அளவு வீழ்ச்சியடைதல் ஆகியன உள்ளனவா என வைத்தியர் பரிசோதித்த பின்னரே இதனைத் தொடங்கலாம்.

இத்தனை சான்றுகள் இருந்தும் இச்சிகிச்சை நோயாளரைச் சென்றடைவதில்லை. செல்வந்த நாடும் இதற்கு விலக்கல்ல. 2014 இல் இந்நோயினால் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட அமெரிக்க முதியோர் 197,376 பேரில், 90 நாட்களுக்குள் மறுவாழ்வுப் பயிற்சியை ஆரம்பித்தவர்கள் 1.5 சதவீதத்தினரே. மாத்திரைக்கும் உள்ளிழுக்கும் மருந்துக்கும் விளம்பரம் செய்ய நிறுவனங்கள் உண்டு. நடைபாதைக்கு விளம்பரம் செய்வார் எவருமிலர்.

எமது நாட்டிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. பிரித்தானியாவின் லெஸ்டர் பல்கலைக்கழகம் உகண்டா, கிர்கிஸ்தான், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளுடன் இணைந்து, உள்ளூர் வாழ்க்கை முறைக்கேற்ற சுவாச மறுவாழ்வுத் திட்டங்களை ஆராய்ந்துள்ளது. இங்கு ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகம் அதில் பங்குகொண்டது. ஆயினும் கிராமத்து நோயாளி ஒருவர் வாரம் இருமுறை பஸ் ஏறி நகருக்கு வந்து பயிற்சி பெறுவார் என எதிர்பார்ப்பது யதார்த்தமாகாது. அடிப்படைப் பயிற்சிக்குப் பெறுமதிமிக்க இயந்திரங்கள் தேவையில்லை. பயிற்றப்பட்ட இயன்மருத்துவர் ஒருவரும், ஒட்சிசன் அளவைக் காட்டும் விரற்கருவியும், நீண்ட விறாந்தையும் போதும். மாவட்ட, ஆதார வைத்தியசாலைகளின் மார்பு நோய்ப் பிரிவுகள் வாரத்தில் இரு முற்பகல்களை இதற்கென ஒதுக்குவது, சுகாதார அமைச்சு மனம்வைத்தால் ஆகக்கூடிய காரியமே.

பயிற்சிக் காலம் முடிந்தவுடன் நோயாளி மீண்டும் கதிரைக்குத் திரும்பினால், பெற்ற பலன் ஓரிரு ஆண்டுகளுக்குள் படிப்படியாகக் கரைந்துபோகும். ஆகவே வீட்டாரின் பணி அப்போதுதான் ஆரம்பமாகின்றது. வெயில் தணிந்த மாலையில் கோவில் வீதியிலோ ஒழுங்கையிலோ முதியவருடன் கூட நடப்பதும், அவர் இடையில் நின்று மூச்செடுக்கும்போது அவசரப்படுத்தாது காத்திருப்பதும், நேற்று நின்ற மின்கம்பத்தைக் கடந்து இன்று அடுத்த கம்பம் வரை செல்லலாமா என்று கேட்பதும் அப்பணியில் அடங்கும்.