குத்தகை நிலத்தில் ஒரு விருந்து

அகதியாக வந்த ஒருவன் எவற்றையெல்லாம் இழந்து வந்தான் என்று கேட்டால், வீடு, காணி, தொழில், உறவு என்று எவரும் எண்ணிச் சொல்வர். அந்தக் கணக்கிலே பெரும்பாலும் விடுபட்டுப் போவது ஒன்று உண்டு. படலையைத் திறந்து வந்தவரை, 'இருங்கோ, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்' என்று மறிக்கும் உரிமையே அது.

2010 ஆம் ஆண்டின் இறுதியில் நான் இந்நாட்டின் அகதி விடுதியொன்றில் இருந்தேன். நால்வருக்கு ஓர் அறை. உணவு பொதியாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாயகத்தில் எனது விரிவுரைகளைக் கேட்ட மாணவர் ஒருவர் ஸ்ருட்காட்டிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். கட்டிலின் விளிம்பில் அவரை இருத்தி, பொதியில் வந்த தோடம்பழச் சாற்றைப் பிளாஸ்ரிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு வேறெதுவும் இருக்கவில்லை. அவர் போன பின்னர் தலையணையைத் தூக்கியபோது கீழே ஐம்பது யூரோத் தாள் ஒன்று இருந்தது. அன்பினால் வைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மாணவன் கொடுக்க ஆசிரியன் வாங்கிய இரவு அது.

அந்த வெட்கத்திலிருந்து என்னை மீட்டது எர்லாங்கன் நகரின் ஓரத்திலுள்ள ஒரு சிறு தோட்டம். அதன் கதையை வாசகர்களுக்குச் சொல்வதற்குக் காரணம், அத்தகைய தோட்டம் நம்மில் பலருக்கும் எட்டக்கூடியது என்பதே.

ஒரு பரப்புக் காணி

ஜேர்மனியில் தொடருந்தில் பயணஞ் செய்யும்போது, நகரங்களின் விளிம்பிலே வரிசை வரிசையாகச் சிறு தோட்டங்களும் ஒவ்வொன்றிலும் பொம்மை வீடு போன்ற ஒரு குடிலும் தென்படும். வந்த புதிதில் இவற்றை ஏழைகளின் குடியிருப்பு என்றே நான் கருதினேன். உண்மையில் இவை நகரவாசிகள் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் தோட்டங்கள். நாடு முழுவதிலும் இவை ஏறத்தாழ 9 இலட்சம் உள்ளன.

இவற்றுக்கு 'ஷ்ரேபர் தோட்டம்' என்ற பெயரும் வழங்குகின்றது. லைப்சிக் நகரில் வாழ்ந்த மருத்துவர் ஷ்ரேபர் 1861 இல் காலமானார். நகரத்துச் சிறுவருக்குத் திறந்தவெளியும் உடற்பயிற்சியும் வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். சில ஆண்டுகளின் பின் அந்நகரத்துப் பாடசாலை அதிபர் ஒருவர் பெற்றோரைச் சேர்த்து அமைத்த சங்கத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. விளையாட்டுத் திடலின் ஓரத்தில் சிறுவருக்கெனச் சில பாத்திகள் போடப்பட்டன. சிறுவருக்கு விரைவில் அலுத்துவிட்டது. பாத்திகளைப் பெற்றோர் எடுத்துக்கொண்டனர். இரண்டு உலகப் போர்க் காலங்களிலும் இத்தகைய தோட்டங்களின் உருளைக்கிழங்கே பல நகரக் குடும்பங்களின் பசியை ஆற்றியது.

இன்று இவற்றை ஆள்வது 1983 ஆம் ஆண்டுச் சட்டம். தோட்டம் 400 சதுர மீற்றருக்கு மேற்படலாகாது. குடில் 24 சதுர மீற்றருக்கு மேற்படலாகாது. அதில் நிரந்தரமாகக் குடியிருக்கவும் முடியாது. புல்லை மட்டும் வளர்த்துவிட்டுச் சாய்கதிரையில் படுத்திருக்கவும் விடமாட்டார்கள். நிலத்தில் மூன்றிலொரு பங்கிலாவது காய்கனி விளைய வேண்டும் என்பது நீதிமன்றம் உறுதிசெய்த விதி.

2014 இல் பெயரைப் பதிந்தோம். 2016 இல் தோட்டம் கிடைத்தது. 240 சதுர மீற்றர், அதாவது எங்கள் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ ஒரு பரப்பு. தொலைபேசியில் தகப்பனாருக்குச் சொன்னேன். 'குத்தகைக் காணியோ?' என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். வலிகாமம் வடக்கில் எங்களுக்கு உறுதிக் காணி பன்னிரண்டு பரப்பு உண்டு. 1990 இல், எனக்குப் பதினொரு வயதில், அதை விட்டு வெளியேறினோம். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட அக்காணி இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. உறுதி எங்களிடம், நிலம் பிறரிடம். இங்கோ நிலம் எங்களிடம், உறுதி நகரத்திடம். இவ்விரண்டில் எதிலே கத்தரி காய்க்கும் என்று நான் கேட்டேன். தகப்பனார் சிரித்தார்.

பனி கொன்ற நாற்று

எர்லாங்கன் மண் மணற்பாங்கானது. நகரின் தெற்கே நூரன்பேர்க், பியூர்த் ஆகிய நகரங்களுக்கிடையே 'பூண்டு நாடு' என்று பொருள்படும் பெயரையுடைய பெரும் மரக்கறி வட்டாரம் விரிந்து கிடக்கின்றது. வடக்கே மோரன்டோர்வ் கிராமத்தில், றெக்னிட்ஸ் ஆற்றுநீரை மொண்டு வாய்க்காலில் ஊற்றும் பழைய மரச் சக்கரங்களைக் கோடைதோறும் இன்றும் சுழலவிடுகின்றனர். முதன்முதல் அவற்றைப் பார்த்தபோது, துலா மிதித்த எங்கள் பேரனை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மண்ணைப் பார்த்து ஏமாந்தவன் வானத்தைப் பார்த்தும் ஏமாந்தேன். பெப்ரவரியிலே யன்னலோரத்தில் மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளை முளைக்கவைத்தோம். ஏப்பிரல் இறுதியில் நான்கு நாள் வெயில் எறித்தது. நாற்றுகளைக் கொண்டுபோய் நட்டேன். ஐந்தாம் நாட் காலையில் எல்லாம் வெந்த கீரைபோற் கிடந்தன. இரவில் உறைபனி பெய்திருந்தது.

இந்நாட்டு விவசாயிகள் மே மாதம் 11 முதல் 15 வரையான நாள்களைப் 'பனிப் புனிதர்கள்' என்பர். அந்நாள்களுக்குரிய கிறிஸ்தவப் புனிதர்களின் பெயரால் வழங்கும் வழக்கு அது. கடைசி நாளுக்கு 'குளிர்ந்த சோபியா' என்று பெயர். சோபியா போகும்வரை மென்பயிரை வெளியே வைக்கலாகாது என்பது நம் ஆடிப்பட்டம் போன்ற பட்டறிவு. புத்தகம் படித்த எனக்கு அது தெரியவில்லை.

பக்கத்துத் தோட்டத்து மூதாட்டி வேலிக்கு அப்பால் நின்று இவற்றையெல்லாம் பார்த்திருந்தார். இங்குள்ள வேலி இடுப்பளவுச் செடிவேலி. யாழ்ப்பாணத்து வேலி வீட்டை மறைப்பதற்கு; இந்த வேலி தோட்டத்தைக் காட்டுவதற்கு. பதினாறாந் தேதி மாலை, தயிர்க் குவளைகளில் நின்ற ஆறு தக்காளி நாற்றுகளை அவர் ஒன்றுஞ் சொல்லாது வேலிக்கு மேலாக நீட்டினார். நன்றி கூறி வாங்கினேன். வாங்கும்போது தலையணைக்குக் கீழிருந்த தாளே நினைவுக்கு வந்தது. மீண்டும் வாங்கும் கை.

குப்பைக்கீரை செய்த உறவு

யூனில் இங்கு பகற்பொழுது பதினாறு மணி நேரத்துக்கும் மேற்பட்டது. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சத்தில் நின்று களை பிடுங்கலாம். ஒருநாள் அம்மூதாட்டி தமது பாத்தியிலிருந்து பிடுங்கிய களைகளை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு உரக்குழிக்குப் போனார். எட்டிப் பார்த்தேன். கூடை நிறையக் கீரை! நம்மூர் முளைக்கீரையின் இனம். ஜேர்மனியில் அதன் பெயர் 'நரிவால்'. எத்தனை பிடுங்கினாலும் முளைக்கும் களை என்று அதைச் சபிப்பார்கள்.

'அதை எனக்குத் தருவீர்களா?' என்றேன். முயலுக்கா என்று கேட்டார். எங்களுக்கு என்றேன். அவர் நம்பவில்லை. என் மனைவி இளந்தண்டுகளை ஆய்ந்து, தேங்காய்ப்பால் விட்டு, வெங்காயமும் உள்ளியும் சேர்த்துக் கடைந்து, மறுநாள் ஒரு சிறு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். மூதாட்டி வேலியோரத்தில் நின்றபடியே கரண்டியால் உண்டு முடித்தார். நாற்பது ஆண்டுகளாக எறிந்து வந்ததை இன்றுதான் தின்கின்றேன் என்றார்.

கிண்ணம் இரண்டு நாளில் திரும்பி வந்தது. அதனுள்ளே செம்முந்திரிகைபோற் சிறு சிவப்புப் பழங்கள் நிறைந்திருந்தன. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலாகாது என்பது நம்முடைய வழக்கம் மட்டுமே என்று அதுவரை எண்ணியிருந்தோம்.

மூன்று மணி விருந்து

ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எங்கள் வரிசையிலுள்ள ஏழு தோட்டத்தாரையும் விருந்துக்கு அழைப்பதென்று முடிவு செய்தோம். பிற்பகல் மூன்று மணி என்று சொல்லியிருந்தோம். நம்மவர் வழக்கப்படி நான்கு மணிக்கு வருவார்கள் என்று எண்ணி, மூன்றுக்கு என் மனைவி வடைக்கு மாவைத் தட்டத் தொடங்கினார். மூன்று அடிக்கும்போது எழுவரும் குடும்பமாக வாசலில் நின்றார்கள்.

அதிலும் பெரிய சங்கடம், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாத்திரம். உருளைக்கிழங்குச் சலாது, கேக், ரொட்டி, ஒருவர் தமக்கு வேண்டிய பியர்ப் போத்தல்களுடன். என் மனைவியின் முகம் மாறிவிட்டது. 'எங்கட சாப்பாடு போதாதெண்டு நினைச்சினமோ?' என்று என் காதுக்குள் கேட்டார். வெறுங்கையோடு போவது இங்கு மரியாதைக் குறைவு என்று நான் விளக்க முயன்றேன். விளக்கம் அவ்வேளையில் எடுபடவில்லை. இறுதியில் உருளைக்கிழங்குச் சலாதின் அருகே கத்தரிக்காய்ப் பாற்கறியும், கேக்கின் அருகே உளுந்து வடையும், நடுவே மஞ்சட் சோறும் கீரையும் ஒரே மேசையில் வைக்கப்பட்டன. கீரையே முதலில் முடிந்தது.

பொழுது சாய்ந்து மற்றவர்கள் போனபின் மூதாட்டி மட்டும் அமர்ந்திருந்தார். அவருடைய பெற்றோர் பொஹீமியாவில் பிறந்த ஜேர்மனியர்கள். 1946 இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, கையிற் பெட்டியுடன் பவேரியாவுக்கு வந்தவர்கள். உள்ளூர்க்காரர் ஒருவரின் வீட்டில் ஓர் அறை அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. 'அந்த ஆண்டுகளில் அம்மா எவரையும் வீட்டுக்கு அழைத்ததில்லை. நாற்காலி எங்களுடையதல்ல, கோப்பையும் எங்களுடையதல்ல என்பார். பின்னர் எங்களுக்குத் தோட்டம் கிடைத்தது. முதல் ஆண்டு பிளம்ஸ் காய்த்ததும் ஒரு பெரிய தட்டில் கேக் சுட்டு வரிசை முழுவதையும் கூப்பிட்டார். அன்றுதான் அம்மா சிரித்ததைப் பார்த்தேன்' என்றார்.

போகும்போது என்னை இனி ஒருமையில் அழைக்கலாமா என்று கேட்டார். ஜேர்மன் மொழியில் மூத்தவரே அந்த அனுமதியை வழங்க வேண்டும். நம்மிடம் நீ என்றும் நீங்கள் என்றும், இடையிலே அன்புக்கும் மதிப்புக்கும் பொதுவாக 'நீர்' என்றும் ஒரு சொல் உண்டு என்று சொன்னேன். அப்படியானால் அது போதும் என்றார்.

அகதிகளின் நகரம்

எர்லாங்கனே அகதிகளால் விரிந்த நகரம். பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி 1685 இல் புரட்டஸ்தாந்தருக்கு வழங்கப்பட்டிருந்த வழிபாட்டுரிமையைப் பறித்தபோது, ஹியூகனோக்கள் எனப்படும் அம்மக்கள் தப்பியோடினர். 1686 இல் இப்பகுதியை ஆண்ட கிறிஸ்ரியான் எர்ன்ஸ்ற் அவர்களுக்கு இடமளித்து, பழைய ஊரின் அருகே புதிய நகரொன்றைக் கட்டத் தொடங்கினார். அவர்கள் காலுறை பின்னும் தொழிலையும் கையுறைத் தொழிலையும் கொண்டுவந்தனர். அவர்களின் தேவாலயம் நகர நடுவிலே இன்றும் நிற்கின்றது. அதன் முன்னுள்ள சதுக்கம் அவர்கள் பெயரையே தாங்குகின்றது.

தமிழுக்கும் இந்நகருடன் ஒரு தொடர்பு உண்டு. திருக்குறளை ஜேர்மன் மொழியில் பெயர்த்து 1856 இல் வெளியிட்ட கார்ல் கிரவுல் தம் வாழ்வின் இறுதியில் எர்லாங்கனுக்கு வந்து, 1864 இல் இங்கேயே காலமானார். அவர் பெயர்த்த ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். விருந்தினரை உண்பித்து எஞ்சியதை உண்பவனுடைய நிலத்துக்கு விதையிடவும் வேண்டுமோ என்று அதிலே வள்ளுவர் கேட்கின்றார். விதையும் வேண்டும், குளிர்ந்த சோபியா போகும்வரை பொறுமையும் வேண்டும் என்பதே இத்தோட்டத்தில் நான் கண்ட விடை. ஆனால் நிலத்தையும் விருந்தையும் அவர் ஏன் ஒரே குறளில் வைத்தார் என்பது இங்கு வந்த பின்னரே எனக்கு விளங்கியது.

விரும்புவோர் செய்ய வேண்டியவை

உங்கள் நகரத்திலுள்ள சிறுதோட்டச் சங்கத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். பெருநகரங்களில் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். சிறு நகரங்களில் விரைவாகக் கிடைக்கலாம். ஆண்டுக் குத்தகை பெரிய தொகையன்று. முந்தியவர் விட்டுச் செல்லும் குடிலுக்கும் மரங்களுக்கும் மதிப்பிட்டு ஒரு தொகை செலுத்த வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள்.

வழக்கு முடியாதிருப்போரும் விடுதியில் இருப்போரும் மனந்தளர வேண்டாம். கோட்டிங்கன் நகரில் பொஸ்னியாவிலிருந்து அகதிகளாக வந்த பெண்களிடம், எதை இழந்ததற்காக மிகவும் வருந்துகின்றீர்கள் என்று கேட்டபோது, 'எங்கள் தோட்டங்களை' என்றார்களாம். அதிலிருந்து 1996 இல் அங்கு பன்னாட்டுத் தோட்டம் உருவானது. பல நாட்டவரும் சேர்ந்து பயிரிடும் அத்தகைய தோட்டங்கள் இன்று ஜேர்மனியின் பல நகரங்களில் உள்ளன. ஒரு பாத்தி போதும், ஒருவருக்குக் கீரை சமைத்துக் கொடுக்க.

பயிர்களில் கீரை, மிளகாய், பூசணி, கொடி அவரை ஆகியன வெளியிலேயே நன்கு வரும். கத்தரிக்குக் கண்ணாடிக் கூடோ பிளாஸ்ரிக் கூடாரமோ நன்று. வெண்டியும் பாவலும் வெப்பமான கோடையில் மட்டுமே முகங்கொடுக்கும். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் சாடிதான் கதி. இலையுதிர் காலத்தில் வீட்டுக்குள் தூக்கிவர வேண்டும்.

சென்ற கோடையில் ஸ்ருட்காட் மாணவர் மனைவி பிள்ளைகளுடன் வந்திருந்தார். இப்போது அவருக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அப்பிள் மரத்தின் கீழே வாழையிலை இல்லாக் குறைக்குப் பூசணி இலையை விரித்துச் சோறு போட்டோம். பிள்ளைகள் மூதாட்டியின் தோட்டத்துக்குள் புகுந்து பழம் பறித்தனர். புறப்படும்போது காரின் பின்பெட்டியில் இரண்டு பை நிறையக் கீரையும் பச்சைமிளகாயும் வைத்தேன். 'எதுக்கு சேர், இவ்வளவு?' என்றார்.

அவர் போன பின்னர், பழக்கத்தினால், மேசைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். கீழே எதுவும் இருக்கவில்லை.