ரிப்பேருக்குப் போகும் போன்... பேட்டர்னையும் சேர்த்துக் கொடுக்கிறீர்களா?

டிஸ்ப்ளே உடைந்த போனைக் கடையில் நீட்டியதும் முதல் கேள்வி, "பேட்டர்ன் என்ன?" பலரும் யோசிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். அது பில்லின் பின்பக்கத்தில் எழுதப்பட்டு, போனோடு சேர்த்து ரப்பர் பேண்டும் போடப்படும். "நம்ம போன்ல அப்படி என்ன ரகசியம் இருக்கு?" என்பதுதான் பெரும்பாலானோரின் சமாதானம். குழந்தைகளின் போட்டோ, ஆதார் நகல், வங்கி ஓடிபி எல்லாம் அதற்குள்தானே இருக்கின்றன!

கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. டச், கேமரா, ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்க, போன் திறந்தாக வேண்டும். இதற்காகவே சாம்சங் 2022-ல் 'மெயின்டனன்ஸ் மோடு' வசதியைக் கொண்டுவந்தது. செட்டிங்ஸில் 'டிவைஸ் கேர்' பகுதியில் இதை ஆன் செய்தால், போன் ரீஸ்டார்ட் ஆகி, புதுபோன் போலத் திறக்கும். போட்டோ, மெசேஜ், அக்கவுன்ட் எதுவும் தெரியாது. உங்கள் லாக்கைப் போட்டால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். கூகுள் பிக்ஸலில் 2023 டிசம்பரில் வந்த 'ரிப்பேர் மோடு'ம் இதே வேலையைச் செய்கிறது.

ஒரு சிக்கல். ஸ்கிரீன் முழுவதும் கறுத்துவிட்டால் இதை ஆன் செய்வது கஷ்டம். அப்படிப் பேட்டர்னைக் கொடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், போன் திரும்ப வந்ததும் முதலில் லாக்கை மாற்றுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பக்கத்தைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் லாக் அவுட் செய்துவிடுங்கள்.