போல்ட்டெல்லாம் கழற்றியும் கியர்பாக்ஸ் ஏன் வரவில்லை?

இன்ஜினோடு சேர்க்கும் போல்ட்டுகளைக் கழற்றியாயிற்று. கியர்பாக்ஸ் மட்டும் அசைய மறுக்கிறது. ஏன்?

முதல் சந்தேகம் மறந்துபோன போல்ட்டின் மேல்தான். ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கமோ, கைக்கு எட்டாத மேல்புறத்திலோ ஒன்று ஒளிந்திருக்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டியானால் டார்க் கன்வெர்ட்டர் போல்ட்டுகளும் கழன்றிருக்க வேண்டும்.

அவையும் இல்லையென்றால், பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் டவல் பின். இரு பாகங்களும் இம்மி பிசகாமல் ஒரே அச்சில் பொருந்த வைத்த சின்ன எஃகு முளை அது. கியர்பாக்ஸ் கூடோ பெரும்பாலும் அலுமினியம். இரண்டும் தொடும் இடத்தில் உப்பு கலந்த ஈரம் புகுந்தால் அங்கே ஒரு குட்டி மின்கலமே உருவாகிறது, அலுமினியம் அரிபடுகிறது. அதனால் விளையும் வெள்ளைப் பொடி, அரிபட்ட உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். மயிரிழை இடைவெளியும் அடைபட்டு, ஆப்பு அடித்ததுபோல் முளை இறுகிவிடும்.

விடுவிப்பது எப்படி? ஒரே சூட்டுக்கு எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய 2 மடங்கு விரியும். ஆகவே முளையைச் சுற்றிய கூட்டை ஹீட் கன்னால் சூடாக்கினால் துளை தளரும். துரு இளக்கும் எண்ணெயைச் சூடு ஆறியபின்தான் விட வேண்டும். தீப்பற்றும் அபாயம் உண்டு. பிறகு இருபுறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக நெம்ப வேண்டும். பொருந்தும் முகத்தில் ஸ்குரூடிரைவரைச் செருகவே கூடாது, மென்மையான அலுமினியம் நசுங்கிவிடும். விலகத் தொடங்கியதும் முழு எடையையும் ஜாக்கி தாங்கட்டும். உள்ளீட்டுத் தண்டில் தொங்கவிட்டால் கிளட்ச் தட்டு வளைந்துபோகும்.