மழை நாட்டில் கோழியும் வாத்தும்

நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனை நோக்கி மலையேறும் புகையிரதப் பாதையில், வட்டவளைக்கு அப்பால் அமைந்த சிறு நிலையம் றொசல்ல. இலங்கையில் மழை மிகுதியாகப் பெய்யும் இடங்களுள் வட்டவளையும் ஒன்று. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேலும் அங்கே பெய்வதுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இப்பக்கத்து லயங்களின் முற்றம் காய்வதே அரிது. இத்தகைய நிலத்திலே வாத்து களித்துத் திரியும். கோழியோ இறகு நனைந்து கூரையோரத்தில் ஒடுங்கி நிற்கும். வடக்கே தாரா என்று வழங்கும் பறவையையே இங்கு வாத்து என்கிறோம்.

இவ்விரு பறவைகளையும் ஒரே கூட்டில் அடைத்து, ஒரே தகரத்தில் தீன் வைத்து வளர்க்கும் வீடுகளில், ஆடி மாதத்திலே கோழிக்குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும்போது பழி முழுவதும் குளிரின்மேல் விழுகிறது. குளிருக்கும் அதில் பங்குண்டு என்பது மெய்யே. ஆயினும் பல வேளைகளில் அச்சாவுக்குக் காரணம், வாத்து தன் அலகாலும் எச்சத்தாலும் கூட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் நீர்தான்.

முட்டை நாலைந்து குறைந்தால் என்ன என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டில் அரசாங்கம் நடத்திய குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தோர் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர்; தோட்டப்புறத்திலோ 100க்கு ஏறத்தாழ 32 பேர். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம் அளவு புரதம் உண்டு; வாத்துமுட்டையில் அதனினும் கூடுதலாக உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் தாய், கடைக்குப் போகாமலே பிள்ளையின் தட்டில் வைக்கக்கூடிய நல்லுணவு இது.

கோழிக்கு உலர்ந்த தரை வேண்டும். வாத்துக்கு நீர் வேண்டும்; ஆனால் நீந்தக் குளம் வேண்டியதில்லை. கண்ணையும் மூக்குத் துளையையும் கழுவிக்கொள்ளும்படி, தலை முழுதும் அமிழுமளவு ஆழமான ஒரு வாளி போதும். அவ்வாளியை எங்கே வைப்பது என்பதில்தான் வளர்ப்பின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கூட்டுக்கு வெளியே, சரிவின் கீழ்ப்பக்கத்தில், ஒரு சிறு குழி வெட்டிக் கல் நிரப்பி, அதன்மேல் மூங்கிற் சட்டமோ கம்பிவலையோ பரப்பி, வாளியை அதன்மீது வைக்கவேண்டும். வாத்து இறைக்கும் நீர் கல்லினூடே வடிந்து, சிறு கான் வழியாகக் கோவாப் பாத்திக்கோ லீக்ஸ் பாத்திக்கோ போய்ச் சேரட்டும். அந்நீர் நல்ல பசளையுமாகும். பீலிக்கரையின் மேற்புறத்தில் மட்டும் இதை அமைக்கலாகாது. பீலி நீரையே லயம் முழுவதும் புழங்குகிறது.

இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர், நோயுற்ற கோழியின் எச்சத்தோடு வெளிப்பட்டவுடன் தொற்றுவதில்லை. ஈரமும் மிதமான வெப்பமும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாள்களில் அது முதிர்ந்து, அடுத்த குஞ்சைப் பற்றும் வல்லமை பெறுகிறது. கோழியைப் பற்றும் இந்நுண்ணுயிர் வாத்தைப் பற்றுவதில்லை. ஆகவே, படுக்கையை நனைக்கும் வாத்து கொழுத்து நிற்க, பக்கத்தில் உறங்கும் கோழிக்குஞ்சு மாண்டுபோகிறது. இரவில் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பலகைத் தடுப்பாவது இருத்தல் அவசியம். கோழிக்கு உயரத்தில் ஒரு பரண் கம்பும், வாத்துக்குத் தரையில் தடித்த படுக்கையும் வேண்டும். நெல் உமி மலைநாட்டில் எளிதிற் கிடைக்காது; வெயில் கண்ட நாளில் மானாப்புல்லை வெட்டி உலர்த்தி வைத்துக்கொண்டால் அதுவே போதும்.

இனித் தீனைப்பற்றிப் பார்ப்போம். மிஞ்சிய சோற்றைப் போட்டே கோழி வளர்க்கலாம் என்ற எண்ணம் பழையது. 1890ஆம் ஆண்டையொட்டி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியா நகரில் ஒல்லாந்த வைத்தியர் எய்க்மன், தம் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதைக் கண்டார். படைவீரர் வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றையே அவை தின்று வந்தன. புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டிலே ஓர் உயிர்ச்சத்து உண்டு என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரரின் பிடிவாதத்துக்கு யாரும் பரிசு தந்ததாகத் தெரியவில்லை! சோற்றோடு தவிடு கலவாமல் இன்றும் கொடுக்கலாகாது.

வாத்துக்குஞ்சின் தேவை இன்னும் பெரிது. நயசின் என்னும் விற்றமின் கோழிக்குஞ்சுக்கு வேண்டியதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அதற்கு வேண்டும். அது குறைந்தால் கால்கள் வளைந்து, குஞ்சு முழங்காலில் தத்தி நடக்கும். சோளத்தை மட்டும் நம்பினால் இக்குறை விரைவில் வரும். தவிடும் மீன்தூளும், கிடைத்தால் தீனில் கலக்கும் உலர் ஈஸ்டும் சேர்த்துவரின் பெரும்பாலும் தப்பலாம். மீன்தூளுக்குப் பதிலாகக் கருவாட்டுத் தலையோ நெத்தலித் தலையோ இடுவோர், ஊறவைத்துக் கழுவிய பின்னரே இடவேண்டும். உப்பு மிஞ்சினால் பறவைக்கு அதுவே நஞ்சு. கடையில் வாங்கும் கோழிக்குஞ்சுத் தீனில் மருந்து கலந்திருக்குமாயின், அது வாத்துக்கு ஆகுமா என்று கால்நடை வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

எனினும் மழை நாட்டில் மிகவும் அஞ்சவேண்டியது பூஞ்சணமே. 1960இல் இங்கிலாந்தில் 100,000க்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் விளங்காமல் மாண்டன, வாத்துக்குஞ்சுகளும் செத்தன. பிறேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் எனப் பின்னர் தெளிந்தது. அந்நஞ்சு அஃபிளாரொக்சின் எனப் பெயர் பெற்றது. வாத்துக்குஞ்சு அதற்கு எளிதில் இரையாவதால், நஞ்சு உண்டா என்று சோதிக்கவே அதைப் பயன்படுத்தினர். நாம் வாங்கும் தேங்காய்ப் புண்ணாக்கிலும் இப்பூஞ்சணம் பற்றும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மூட்டையாக வாங்கிச் சுவரோரம் சாத்திவைப்பது சிக்கனம் போலத் தோன்றும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மூடியுள்ள தகரத்தில், தரையிலிருந்து உயர்த்தி வைப்பதே உண்மையான சிக்கனம். பூத்த புண்ணாக்கைக் காயவைத்தாலும் நஞ்சு போகாது, எறிந்துவிடவேண்டும்.

முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 முதல் 120 கிராம் தீனும், வாத்துக்கு 150 கிராமுக்கு மேலும் வேண்டும். விடியலில், கொழுந்துக் கூடை எடுக்குமுன் ஒரு பாதியும், மாலை திரும்பியதும் மறு பாதியுமாகக் கொடுக்கலாம். வாத்துக்குத் தீனை ஈரமாகப் பிசைந்து, குடிநீர் அருகிருக்கக் கொடுத்தால் தொண்டை அடைக்காது. ஆனால் பிசைந்த தீனை அன்றே கழுவி அகற்றிவிடவேண்டும். முட்டையிடும் பறவைக்கான சுண்ணாம்புச் சத்தைத் தீனில் கலவாமல், இடித்த முட்டை ஓடாகவோ சிப்பித்தூளாகவோ தனித் தட்டில் வைக்கவேண்டும். வேண்டியது தின்னும்; வளரும் குஞ்சோ அதைத் தொடாது. கலந்து வைத்தால் குஞ்சின் சிறுநீரகம் கெடும்.

வாத்துமுட்டையை அடைக்கோழியின் கீழ் வைப்பது நல்ல வழக்கமே. கோழிமுட்டை 21 நாளிலும் வாத்துமுட்டை 28 நாளிலும் பொரிப்பதால், இரண்டையும் ஒன்றாக வைக்கலாகாது. ஐந்தாறு வாத்துப் பெடைகளுக்கு ஒரு சேவல் வாத்துக்கு மேல் வேண்டாம். மிஞ்சிய சேவல் வாத்து கோழிகளை ஏறி மிதித்துக் காயப்படுத்தும். வாத்து பெரும்பாலும் விடியற்புறத்தில் முட்டையிடுவதால், காலை எட்டு மணிவரை அதை அடைத்து வைத்தால் முட்டை கானில் போகாது. சேற்றில் கிடந்த வாத்துமுட்டையை நன்றாக அவித்தே உண்ணவேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயில் கோழிகள் கூட்டமாகச் சாகும். வாத்தோ பெரும்பாலும் நோய்க்குறி காட்டாமலே அக்கிருமியைச் சுமந்து திரியும். சந்தையில் வாங்கிவந்த வாத்தைக் கோழிகளோடு உடனே சேர்க்காது இரண்டு மூன்று வாரமாவது தனியே வைத்திருக்கவேண்டும். கோழிகளுக்கு உரிய காலத்தில் தடுப்பு மருந்து ஏற்ற, அப்பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடலாம். தடுப்பு மருந்து நோய் வருமுன்னரே வேலை செய்வது. முதற்கோழி கழுத்தை முறுக்கி விழுந்தபின் ஓடிப்போய்க் கேட்பதில் பயன் மிகக் குறைவு.