நில ஆவணமும் ஏஐ முகவரும்: ஒரு கருவியின் விளக்கக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்?

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவதோடு நில்லாமல், வேறு மென்பொருள்களை இயக்கி ஒரு வேலையை முடித்துத் தரும் செயற்கை நுண்ணறிவு அமைப்பு ‘ஏஐ முகவர்’ எனப்படுகிறது. அது இயக்கும் மென்பொருள் ஒவ்வொன்றும் ‘கருவி’ எனப்படுகிறது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம், முகவர்களை இயக்கும் தன் மொழி மாதிரிகள் இவ்வாறு கருவிகளை அழைக்கும் வசதியை அளித்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் கருவிகளை மாதிரிகளுடன் இணைப்பதற்கான பொது நெறிமுறையை ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பெயரில் வெளியிட்டது. இவை இரண்டிலும் கருவியின் உள்ளே இருக்கும் நிரல், மாதிரியின் பார்வைக்கு வருவதில்லை. கருவியின் பெயர், அதன் பணியைச் சில வரிகளில் சொல்லும் விளக்கக் குறிப்பு, தரவேண்டிய உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவற்றைப் படித்தே, எந்தக் கருவியை எப்போது எந்த விவரத்துடன் அழைப்பது என்று மாதிரி தீர்மானிக்கிறது. குறிப்பில் விடுபட்டதை அது ஊகத்தால் நிரப்பிக்கொள்ளும் என்பதே இதிலுள்ள ஆபத்து.

இந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டத்தை வைத்துப் பார்க்கலாம். கிராமக் கணக்கர்கள் கையால் எழுதிவந்த சுமார் 2 கோடி நில ஆவணங்களைக் கணினிக்கு மாற்றிய இத்திட்டம் 2000-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டுப் பட்டாவும் அடங்கலும் ஒரே தாளில் சேர்ந்தது போன்ற ‘பஹணி’ அல்லது ஆர்டிசி என்னும் ஆவணத்தை அதிலிருந்து பெறலாம். மைசூரு மாவட்டம் நஞ்சன்கூடு தாலுகாவில், ஹுல்லஹள்ளி ஹோப்ளியைச் சேர்ந்த ஒரு விவசாயி தம் நிலத்தின் விவரத்தை ஏஐ முகவரிடம் கேட்கிறார் என்றும், அந்த முகவருக்கு ‘நில விவரம் தரும்’ என்ற ஒற்றை வரிக் குறிப்புடன் ஒரு கருவி கொடுக்கப்பட்டிருக்கிறது என்றும் கொள்வோம்.

முதல் தடை உள்ளீட்டிலேயே வரும். பஹணியைத் தேட மாவட்டம், தாலுகா, ஹோப்ளி, கிராமம், சர்வே எண் ஆகியவற்றோடு ‘சர்னாக்’ என்னும் துணை எண்ணும், உட்பிரிவைக் குறிக்கும் ‘ஹிஸ்ஸா’ எண்ணும் வேண்டும். ஹோப்ளி என்பது தமிழ்நாட்டின் குறுவட்டத்தை ஒத்த வருவாய்ப் பிரிவு என்பதும், துணை எண் இல்லாத நிலங்களுக்கு அந்த இடத்தில் நட்சத்திரக் குறி நிற்கும் என்பதும் தாலுகா அலுவலக ஊழியருக்குச் சொல்லித் தர வேண்டியவை அல்ல. மாதிரிக்கோ எழுதிக் காட்டியாக வேண்டும். எழுதாவிட்டால் அது கட்டத்தைக் காலியாக விடலாம், அல்லது தானாக ஓர் எண்ணைப் போடலாம்.

இதைவிட நுட்பமான தவறு விடையைப் படிப்பதில் நேரும். பஹணியில் பரப்பளவு ஏக்கர், குண்டா என்ற வரிசையில் பதிவாகிறது. ஓர் ஏக்கருக்கு 40 குண்டா, அதாவது ஒரு குண்டா இரண்டரை சென்ட். எனவே 2.20 என்று தொடங்கும் பதிவின் பொருள் 2 ஏக்கர் 20 குண்டா, அதாவது இரண்டரை ஏக்கர். இதைத் தசம எண்ணாகப் படிக்கும் மாதிரி 30 சென்ட் நிலத்தை விழுங்கிவிட்டு, பிழை எதுவும் காட்டாமல், சரளமான மொழியில் விடை சொல்லிவிடும். தமிழ்நாட்டுப் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருப்பதால், அங்கு எழுதிய குறிப்பை இங்கு அப்படியே ஒட்டவும் முடியாது. கருவி திருப்பித் தருவதை எந்த அளவையில் படிக்க வேண்டும் என்று சொல்லாத குறிப்பு பாதிக் குறிப்பே.

அடுத்தது, ஒன்றையொன்று ஒத்த கருவிகளுக்கு இடையிலான எல்லை. கர்நாடகத்தில் பஹணிக்குப் ‘பூமி’, பத்திரப் பதிவுக்கும் வில்லங்கச் சான்றுக்கும் ‘காவேரி’, நில அளவை வரைபடத்துக்கு ‘மோஜினி’ என்று மூன்று அமைப்புகள் தனித்தனியே இயங்குகின்றன. “என் நிலத்தின்மேல் கடன் இருக்கிறதா?” என்று கேட்டால், பஹணியில் உள்ள பொறுப்புகளுக்கான பத்தியையும் வில்லங்கச் சான்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆகவே ஒரு குறிப்பு, தன் கருவி எதற்குப் பயன்படும் என்பதோடு எதற்குப் பயன்படாது என்பதையும், அப்போது நாட வேண்டிய கருவி எது என்பதையும் பெயர் சொல்லிக் கூற வேண்டும்.

கடைசியாக, விவரம் பார்க்கும் கருவியையும், பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம் அனுப்பும் கருவியையும் ஒரே தொனியில் விவரிப்பது மன்னிக்க முடியாத அலட்சியம். பின்னதன் குறிப்பில், உரிமையாளரின் ஒப்புதலைக் கேட்டுப் பெற்ற பிறகே அழைக்க வேண்டும் என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும். எச்சரிக்கை வரியோடு நின்றுவிடாமல், ஒப்புதல் இல்லாத விண்ணப்பத்தை ஏற்காதவாறு மென்பொருளிலேயே தடுப்பு வைப்பதும் அவசியம்.

தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் அரசுச் சேவைகளுக்கு ஏஐ முகவர்களை உருவாக்க முனைவோர், இந்தக் குறிப்புகளை நிரலாளர் கடைசி நேரத்தில் நிரப்பும் வெற்றுக் கட்டமாக விட்டுவிடாமல், கிராம நிர்வாக அலுவலரையும் நில அளவரையும் பக்கத்தில் உட்காரவைத்து எழுத வேண்டும்.